நவம்பருக்குள் ஒரு கயாக்

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் வெயில். நாலு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை இல்லை, வெறும் காற்று.

கொரட்டூர் ஏரிக்கரை வரை நடந்து போய்ப் பார்த்தேன். போன வருடத்துத் தண்ணீர்க் கறை கல்லில் அப்படியே இருக்கிறது. அதற்கு மூன்று முழம் கீழே இப்போது தண்ணீர். இன்னும் ஆறு வாரம் இருக்குமா?

போன நவம்பரை ஒருமுறை எழுதிவிட்டால் மறுபடி மறுபடி நினைக்க வேண்டாம். ஞாயிறு சாயங்காலம் தெருவில் தண்ணீர். திங்கள் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், போக முடியவில்லை. புதனும் போச்சு. மீட்புப் படகு எங்கள் தெருவுக்கு வந்தபோது புதன் இருட்டிவிட்டது. அதற்குள் நுரையீரலில் நீர். படுக்க முடியாமல் சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டே இருந்தார். பிறகு ஐந்து நாள் ஐசியு. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை ரெண்டு டயாலிசிஸ் தவறினா இதயம் தாங்காதும்மா" என்றார்.

செய்து பார்த்தவை: ஆஸ்பத்திரி பக்கம் வாடகை வீடு. நோயாளி என்றதும் வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள் (நாலு வீடு). மழை மாதம் முழுக்க ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கேட்டேன். "மழை ஒரு வியாதி இல்லையேம்மா." பூந்தமல்லியில் தம்பி வீடு, போன வருடம் அங்கும் இடுப்பளவு. லாரி டியூபில் பலகை கட்டலாம் என்பது எதிர்வீட்டு ஆட்டோ ஏழுமலையின் யோசனை. அவரால் பிடிமானம் இல்லாமல் உட்கார முடியாது.

வீட்டிலிருந்து தண்ணீர் ஏறாத மெயின் ரோடு வரை தொள்ளாயிரம் மீட்டர்தான். அவ்வளவுதான்.

அக். 7, செவ்வாய்

கம்பெனியில் ஏற்றுமதி அவசரம். ஒரு நாளில் 640 சட்டை செக்கிங். கழுத்து திரும்பவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண் ஒருத்தி போனில் பிறந்தநாள் வீடியோ காட்டினாள். கோவளம் பக்கம் கடலில் நீளமான பிளாஸ்டிக் படகு, இரண்டு பேர், ஆளுக்கொரு துடுப்பு. "கயாக்குக்கா. செம ஜாலி. முடிஞ்சதும் அவங்க ரெண்டு பேரே தூக்கிட்டு வந்து கரையில வைக்கிறாங்க பாருங்க."

இரண்டு பேர் தூக்குகிறார்கள். என்ஜின் இல்லை. நாலு முறை ஓட்டிப் பார்த்தேன்.

அக். 8, புதன்

டயா. நாள். காலை 7 முதல் 11. அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனில் கயாக் பார்த்தேன். எத்தனை வகை. மேலே உட்காருவது, உள்ளே கால் நுழைத்து உட்காருவது, காற்றடிப்பது, ஒற்றை, இரட்டை. எனக்கு நீச்சல் தெரியாது. அதை எங்கே தட்டிக் கேட்பது?

அவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே, "பொம்மைப் படகுல வச்சுத் தள்ளிட்டுப் போற அளவுக்கு ஆயிட்டேனா நான்?" என்றார். இருபத்தெட்டு வருடம் லேத் பட்டறையில் நின்ற ஆள். ஐஸ் கட்டி ஒன்று கொடுத்தேன். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர் அனுமதி. ஐஸை உருட்டி உருட்டி அரை மணி நேரம் ஓட்டுவார்.

அக். 12, ஞாயிறு

கோவளம். மூன்று பஸ். தம்பி வந்து அவரைப் பார்த்துக்கொண்டான்.

கயாக் கற்றுத் தருபவர் பெயர் தாஸ். மீன்பிடி குடும்பம், நாற்பது வயது இருக்கலாம், வெயிலில் தார் மாதிரி கறுத்த முதுகு. பழைய கயாக் விற்பதும் உண்டு. எந்தக் கயாக் நல்லது என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா? ஜாலிக்கா, தூரம் போவவா, மீன் புடிக்கவா?"

சொன்னேன். சிரிக்கவில்லை. "எங்கூட்டுப் பெரிப்பாவும் அந்த மெஷின்ல கெடந்தவரு தான்" என்றார். பிறகு, "இன்னிக்கு ஒண்ணும் வாங்காதீங்க. மூணு படகுல குந்திப் பாருங்க. கவுந்தா திரும்ப ஏற முடியுதா பாருங்க. ஏற முடியாத படகு உங்க படகு இல்லக்கா."

குறித்துக்கொண்டது:
அகலம் கூடினால் ஆடாது, ஆனால் மெதுவாகப் போகும்.
நீளம் கூடினால் நேராக ஓடும், ஆனால் திரும்பாது.
லைஃப் ஜாக்கெட் முதலில், படகு அப்புறம்.
காற்றடிக்கும் படகு வேண்டாம். எங்கள் தெருவில் தண்ணீருக்கடியில் காம்பவுண்டுச் சுவர், அதன் மேல் கண்ணாடித் துண்டுகள்.

முதல் படகில் ஏறியதும் கவிழ்ந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். உப்பு மூக்கில் ஏறிவிட்டது. ஏழு முறை ஏறப் பார்த்தேன். ஏழு முறையும் முடியவில்லை. பக்கத்தில் காலேஜ் பிள்ளைகள். சல்வார் நனைந்து ஒட்டிக்கொண்டு, நாற்பத்தாறு வயதில், சீ.

பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அக். 15, புதன்

டயா. எடை இரண்டே முக்கால் கிலோ கூடியிருந்தது. நர்ஸ் கலா அவரைத் திட்டினாள். ரசம் இரண்டு கரண்டி கூடக் குடித்தாராம். என்னிடம் சொல்லவே இல்லை.

சாயங்காலம் கம்பெனி டேப்பை எடுத்துப்போய்த் தெருவை அளந்தேன். டிரான்ஸ்பார்மர் முனையில் அகலம் பதினொன்றரை அடி. தாஸ் காட்டிய இரட்டைக் கடல் கயாக் பதினெட்டு அடி. உள்ளே கால் நுழைத்து உட்கார்ந்தால் அவர் நனையவே மாட்டார். அதுதான் வேண்டும் என்று இருந்தேன். ஆனால் முனையில் திரும்பாது. எதிரில் ஏழுமலை வந்தான். "இன்னாக்கா, ரோட்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?" என்றான். காரணம் சொன்னதும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

இரவு மழை. ஒரு மணி நேரம்தான்.

அக். 19, ஞாயிறு

நாளை தீபாவளி. நாளையும் டயா. உண்டு.

துணி எடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கோவளம். கடற்கரையில் கூட்டமே இல்லை. அலையும் சின்னது.

வயிற்றைப் படகின் குறுக்கே போட்டு, காலை உதைத்து, புரண்டு உட்கார வேண்டும். நாலாவது முறை ஏறிவிட்டேன். தாஸ் கை தட்டவில்லை. "இன்னொரு தபா" என்றார். ஒன்பது தபா.

பிறகு ஒன்று நடந்தது. அதை எழுத வேண்டுமா தெரியவில்லை.

ஒற்றை ஆள் கடல் கயாக் ஒன்றை இறக்கிக் கொடுத்தார். பதினாறு அடி, இடுப்பை ஒட்டிய அகலம். "இது உங்களுக்குத் தேவப்படாது. சும்மா, படகுன்னா இன்னான்னு தெரிஞ்சிக்கங்க." தாஸ் தன் படகில் கூடவே வந்தார். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் சத்தம் நின்றது. துடுப்பு போட்டால் கத்தரிக்கோல் புதுத் துணியில் போவது போலப் போகிறது. கரையில் மனிதர்கள் பொட்டுப் பொட்டாக. என்னை யாரும் கூப்பிடவில்லை. எதற்கும் நேரம் பார்க்கவில்லை. இருபது நிமிடம். வீட்டில் இருக்கிற அவர் நினைவு ஒரு தடவை கூட வரவில்லை.

கரையில் இறங்கி போனைப் பார்த்தால் அவரிடமிருந்து ஆறு மிஸ்டு கால். மாத்திரை டப்பா எங்கே என்று கேட்கத்தான்.

அக். 22, புதன்

தூக்கமில்லை. எழுதிவிடுகிறேன், யார் படிக்கப்போகிறார்கள்.

அந்த ஒற்றைப் படகு எனக்கு வேண்டும். அதில் அவர் இல்லை. நாலு வருடமாக வாரம் மூன்று நாள் அந்த மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். உப்பில்லாத கூட்டு வைக்கிறேன். தண்ணீரை அளந்து கொடுக்கிறேன். மூச்சுச் சத்தத்தை வைத்து நாளையைக் கணக்குப் போடுகிறேன். மழை வந்து ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிட்டால் என்ன என்று இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். வாய் கொப்பளித்துவிட்டுப் போய் அவருக்கு இட்லி வைத்தேன். சட்னி வைக்க மறந்திருந்தேன்.

"என்ன, சரியில்லையா உனக்கு?" என்றார்.

"கழுத்து வலிங்க."

"இப்படி உக்காரு" என்று, டயா. ஊசி போடாத வலது கையால் கழுத்தைப் பிடித்துவிட்டார். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

அக். 25, சனி

இன்று அவரையும் கூட்டிப்போனேன். டயா.வுக்கு மறுநாள்தான் கொஞ்சம் தெம்பாக இருப்பார். ஏழுமலை ஆட்டோ. கடல் வேண்டாம், கழிமுகத்துக்கு வாங்க என்று தாஸ் சொல்லியிருந்தார். தண்ணீர் தட்டையாகக் கிடந்தது.

முதலில் அந்தப் பதினெட்டு அடியில் உட்கார வைத்துப் பார்த்தோம். எனக்கு இன்னும் நப்பாசை. கால் உள்ளே போனது. வெளியே எடுக்க முடியவில்லை. முகம் வெளுத்து, "எடு, என்னை எடு" என்று என் கையை நகம் பதியப் பிடித்தார். தாஸும் ஏழுமலையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு பத்து நிமிடம் மணலில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்தது மேலே உட்காரும் இரட்டை. பன்னிரண்டரை அடி, நல்ல அகலம், மஞ்சள், அடிப்பக்கம் முழுக்கக் கீறல். முதுகுக்குச் சாய்மானம் உண்டு. அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது, அவர் நனைவார் என்றேன். தாஸ் பாக்கெட்டிலிருந்து ரப்பர் மூடிகளை எடுத்து ஒவ்வொன்றாக அடைத்தார். அவ்வளவு சுலபமாக.

அவர் முன்னால், நான் பின்னால். கழிமுகத்தில் ஒரு சுற்று. படகு சோம்பேறி. பத்து முறை துடுப்பு போட்டால் நாலு அடி. பாதி வழியில் திரும்பாமலே, "வலது பக்கம் ரொம்ப ஆழமாப் போடுற, அதான் கோணுது" என்றார். பட்டறைக் குரல். எத்தனை நாளாயிற்று கேட்டு.

வாங்கிவிட்டேன். ஒற்றைப் படகு கரையில் கவிழ்த்து வைத்திருந்தது. பார்க்காமல் வந்தேன்.

நவ. 2, ஞாயிறு

அயனம்பாக்கம் ஏரி, காலை ஆறு மணி. முன் சீட்டில் அவருக்குப் பதில் மூன்று தண்ணீர் கேன் கட்டிப் பழகினேன். அறுபது கிலோ. வாக்கிங் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "சினிமாவா?" "இல்லபா, தண்ணி கேன் டெலிவரி" என்றார் இன்னொருவர்.

உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

படகு மாடிப்படியில் திரும்பவில்லை. கீழே பார்க்கிங் தூணில் கட்டியிருக்கிறேன். இரண்டாம் மாடிக்காரர், "எத்தனை நாளைக்கு இது?" என்றார். டிசம்பர் வரை சார் என்றேன்.

நவ. 11, செவ்வாய்

நேற்று டயா. முடித்து வந்ததிலிருந்து மழை. ஒரு நிமிடம் விடவில்லை. அவருக்கு இரவெல்லாம் வாந்தி, பிரஷர் இறங்கிவிட்டது. காலையிலேயே கிளப்பியிருக்க வேண்டும். எழுந்து உட்கார முடியாதவரை எப்படிக் கிளப்ப?

மதியம் மூன்று மணிக்குத் தெருவில் கணுக்கால். ஐந்துக்கு இடுப்பு. கரன்ட் இல்லை. படகுக் கயிற்றைப் பிடித்து இழுத்து மாடிப்படிக் கம்பியில் கட்டினேன். மிதக்கிறது. ஏழுமலை ஆட்டோவை முன்னாலேயே மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டான். "காலீல அங்கயே கீறேன்க்கா. நீ வந்துடு" என்றான் போனில்.

நீ வந்துடு. எளிதாகச் சொல்லிவிட்டான்.

நவ. 12, புதன்

ஆஸ்பத்திரி பெஞ்சில் எழுதுகிறேன். விரல் மடங்கவில்லை.

காலை 5.50க்கு விடிந்தும் விடியாமல் இறங்கினோம். அவருடைய ஊசி போடும் இடது கையில் பிளாஸ்டிக் கவர் சுற்றி, நெஞ்சோடு கட்டி, லைஃப் ஜாக்கெட். முதல் மாடி லேண்டிங்கிலிருந்து பத்துப் படி கீழே தண்ணீர். முதல் அடி வைத்ததும் படகு விலகியது. மனைவியோடு மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் மாடிக்காரர் இறங்கி வந்து, மார்பளவு தண்ணீரில் நின்று பிடித்துக்கொண்டார்.

தெரு தெருவாகவே இல்லை. சிலிண்டர் ஒன்று மிதந்து போகிறது. செத்த எலி, செருப்புகள், யாருடைய பள்ளிக்கூடப் பையோ. அடியில் எதிலோ கரகரவென்று உரசியது. "ஸ்கூட்டர்" என்றார் அவர். "இடது பக்கம் சாக்கடை திறந்து கிடக்கும், நடுவுலயே போ." முன்னால் உட்கார்ந்து தெருவையே எனக்குப் படித்துக் காட்டினார்.

டிரான்ஸ்பார்மர் முனையில் ஏரித் தண்ணீர் பக்கவாட்டில் பாய்ந்து வருகிறது. இதை எந்த ஏரியிலும் பழகவில்லை. படகு அப்படியே சுழன்று சுவரில் மோதி, அவர் தலை ஜன்னல் கம்பியில் இடித்தது. துடுப்பு போடுகிறேன், போடுகிறேன், இருந்த இடத்திலேயே இருக்கிறோம். கத்தினேன். என்ன கத்தினேன் தெரியாது. அவர் வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்தார். அடுத்த ஜன்னல். அடுத்த ஜன்னல். மூன்று வீடு அப்படியே கையால் இழுத்தே கடந்தோம்.

பாதியில், "ஒரு வாய் தண்ணி குடு" என்றார்.

"முடியாதுங்க."

"நாக்கு ஒட்டுது. ஒரு வாய்."

"முடியாது." சுற்றிலும் தண்ணீர். அவர் அழுதாரா, மழையா தெரியவில்லை.

7.05க்கு பெட்ரோல் பங்க். ஏழுமலை முழங்கால் தண்ணீரில் ஓடிவந்து அவரைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டான்.

7.40க்கு மெஷின் ஓடத் தொடங்கியது. குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறியதைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது நர்ஸ் கலா சொன்னாள். பக்கத்து மெஷின் நூர்ஜஹான் அம்மாவும் கொரட்டூர்தானாம், எங்களுக்கு மூன்று தெரு தள்ளி. காய்ச்சல் என்று திங்களே வரவில்லையாம். போனில் மூச்சு வாங்குகிறதாம். என்னைப் போ என்று சொல்லவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. எதற்காக என்னிடம்?

அவர் கண்ணைத் திறந்து, "நாலு மணி நேரம் நான் இங்கதானே கிடக்கப்போறேன்" என்றார்.

போனேன். மறுபடி டிரான்ஸ்பார்மர், மறுபடி ஜன்னல் கம்பி, இந்த முறை தனியாக. அந்த அம்மாவை ஏற்றும்போது நான் கவிழ்ந்தேன். சாக்கடைத் தண்ணீர் வாய் நிறைய. வயிற்றைக் குறுக்கே போட்டு, காலை உதைத்து, ஏறினேன். "நீயே வுயுந்துட்ட, என்னை எங்க இட்டுக்கினு போற?" என்றது அந்த அம்மா, மூச்சு வாங்க. மருமகள் பிடித்துத் தள்ளி உட்கார வைத்தாள். கனம். படகு விளிம்பு வரை அமிழ்ந்தது. வழி முழுக்க அம்மா ஓதிக்கொண்டே வந்தது.

11.40க்கு அவருக்கு முடிந்தது. 11.45க்கு அம்மாவுக்கு மெஷின் போட்டார்கள்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. வராந்தாவில் இருக்கலாம் என்று கலா அனுமதி வாங்கித் தந்தாள்.

நவ. 13, வியாழன்

மழை குறைந்து தூறல். தண்ணீர் வடியவில்லை. அவர் வராந்தாவில் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல.

காலை எட்டரைக்குக் கலா ஒரு பெயரும் விலாசமும் எழுதிய சீட்டோடு வந்தாள். இன்னொருவர், செவ்வாய்-வியாழன்-சனி ஆள். செவ்வாய் தவறிவிட்டது. போன் எடுக்கவில்லை. இந்த முறை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏரிக்கரைப் பக்கம் கடைசித் தெரு. ஒரு மணி நேரம் பிடித்தது. மாடிப் படியில் படகைக் கட்டிவிட்டு ஏறினேன். கதவு திறந்திருந்தது. அந்த மனிதரைக் கூடத்தில் நீட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு. விடிகாலை நாலு மணிக்காம்.

இறந்தவரின் மனைவி என் வயதுதான். என் லைஃப் ஜாக்கெட்டைப் பார்த்தாள், கீழே மஞ்சள் படகை எட்டிப் பார்த்தாள்.

"நேத்து இந்தப் பக்கம் போனீங்களே, பார்த்தேன். கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போனேன், என் கை முழுக்கச் சேறு. அவளே பிடித்துக்கொண்டாள். மேல்மாடிப் பெண் காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அந்த வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தேன்.

திரும்பி வரும்போது முன் சீட் காலி. படகு லேசாக, வேகமாகப் போனது.

அவர் விழித்திருந்தார். "எங்க அந்த ஆளு?"

"வேற படகுல போயிட்டாங்களாம்ங்க."

நம்பினாரா தெரியவில்லை. ஈரத் துண்டை என் கையிலிருந்து வாங்கி உதறி, பெஞ்சின் முதுகில் காயப்போட்டார்.

கலா மூன்று பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறாள். தெருப் பெயர் ஒன்று புரியவில்லை, கேட்க வேண்டும். நாளை அவருக்கு ஏழு மணி. அதற்கு முன் ஐந்தரைக்கு முதல் ஆள். போகிற வழியெல்லாம் ஒவ்வொரு ஜன்னலாக நின்று, யாராவது கூப்பிடுகிறார்களா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும்.